பாரம் இறங்கினால் நிற்கும் வண்டி

தாம்பரம் மார்க்கெட்டில் பெட்டிகளை இறக்கிவிட்டு, மேம்பாலம் ஏறி இறங்குகிற இடத்தில், காலை பத்து மணி வெயிலில் எங்கள் பிக்கப் வண்டி நின்றுபோயிற்று. பின்னால் ரெண்டு பஸ், ஒரு தண்ணீர் லாரி, அதற்கும் பின்னால் கண்ணுக்கு எட்டியமட்டும் ஆட்டோ. எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில் அலறியது. என் நாத்தனார் நிதானமாகக் கதவைத் திறந்து இறங்கினாள். புடவைக்கு மேலே அவள் அண்ணன் போட்டுக் கழித்த காக்கிச் சட்டை. அதன் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டாள்.

பஸ் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "இன்னாமே, வூட்ல சமைக்கறத வுட்டுட்டு நடுரோட்ல வண்டிய நிறுத்தி வேடிக்க காட்டிகினு கீற?"

"சமைச்சிட்டுத்தாண்ணா வந்தேன். வஞ்சிரம் கொழம்பு. எறங்கி ஒரு கை தள்ளு, வூட்டாண்ட வந்தா சோறு போடறேன்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மனுஷனும் சிரித்துக்கொண்டே இறங்கிவந்து தள்ளினார். நானும் தள்ளினேன். அவள் கதவுக்கு வெளியே நடந்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி வண்டியை ஓரம் கட்டினாள். அவள் சிரிப்பை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஓரம் கட்டியதும் அவள் நாலு விரலை மடக்கி எண்ணியதை நான் ஒருத்திதான் பார்த்தேன். அந்த மாதத்தில் வண்டி நிற்பது அது நாலாவது தடவை.

நான் மீன்காரி. மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், நிதானமாகத்தான் வரும். அவசரம் இருப்பவர்கள் வேறு எதையாவது படிக்கலாம். இந்த வண்டிக்கு என்ன வந்தது, அது ஏன் அடிக்கடி நின்றது, யாரால் நின்றது என்பதை முழுசாகத் தெரிந்த ஆள் இப்போது உயிரோடு இருப்பது நான்தான். அதனால் நான்தான் எழுத வேண்டும்.

என் நாத்தனார் என்னைவிடப் பத்து வயது சின்னவள். கோவளத்துப் பக்கம் எங்கள் குப்பம். கல்யாணமாகி ஐந்தாம் வருஷம் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். இவள் அழுதுகொண்டு வந்து நிற்பாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். இவள் தாலிச் செயினைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றாள். அதை விற்று, கிழக்குத் தாம்பரத்தில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். மிச்சத்தோடு என் கம்மலையும் சேர்த்து, முடிச்சூரில் ஒருவரிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்றை வாங்கினாள். புருஷன் விட்டுப் போனவள் பேரில் எதற்கு என்று பெரியவர்கள் சொன்னதால் வண்டியை என் வீட்டுக்காரர் பேரில் பதிந்தோம். அவளும் சரி என்றுவிட்டாள். அந்த ஒரு சரி பின்னால் அவளை எவ்வளவு படுத்தப் போகிறது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

விடியுமுன் கரையில் படகு ஒதுங்கும். பெட்டிகளில் மீனும் நொறுக்கிய ஐஸும் போட்டு ஏற்றுவோம். கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம். மார்க்கெட்டில் முக்கால்வாசி இறக்கிவிட்டு, மிச்சத்தை முடிச்சூர் தெருக்களில் கூவி விற்போம். சில நாள் கூடுவாஞ்சேரி. அவள் ஓட்டுவாள், நான் பக்கத்து சீட்டில் உட்காருவேன். என் தலையில் முப்பது வருஷம் இருந்த கூடையை இறக்கி வைத்தது அந்த வண்டிதான். முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் ஆரம்பித்தது.

ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று இரண்டு தரம் இருமும். நின்றுவிடும். சாவியைத் திருகினால் கறகறவென்று சுற்றும், பிடிக்காது. ஒரு மணி நேரம் போனால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். இந்த ஒரு மணி நேரம்தான் எங்களைக் கொன்றது. ஏனென்றால் முடிச்சூர் ரோட்டில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் மேஸ்திரி வந்து சேர அதே ஒரு மணி நேரம் ஆகும். அவர் வந்து சாவியைத் தொடுவார், வண்டி கிளம்பிவிடும்.

"என்ன பாத்தா மட்டும் பயந்துகினு ஓடுது பாரு யக்கா," என்பார். "நிக்கறப்ப பாத்தாத்தான் இன்னான்னு சொல்ல முடியும். ஓடற வண்டில நான் இன்னாத்த தேடறது?"

கெட்டிக்கார மேஸ்திரிதான். ஏமாற்றுகிறவரும் இல்லை. பேட்டரி மாற்றினார். டீசல் ஃபில்டர் மாற்றினார். பம்பைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்துக் கொண்டுவந்து மாட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு ரெண்டு நாள், நாலு நாள் ஓடும். இந்தத் தடவை சரியாகிவிட்டது என்று நாங்கள் மூச்சு விடும்போது, ஏதாவது ஒரு திருப்பத்தில் இருமும். வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோகும் முன் கரையில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து போட்டு, நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டுத்தான் கொண்டுபோவோம். மேஸ்திரிக்கு மீன் வாசனை ஆகாது. எங்களுக்கும் நாறும் வண்டியை அடுத்தவர் இடத்தில் நிறுத்த மானம் இடம் கொடுக்காது. வண்டியின் நோயை நாங்களே கழுவிவிட்டு வைத்தியரிடம் காட்டிக்கொண்டிருந்தோம் என்பது பின்னால்தான் புரிந்தது.

அதற்குள் ஊர் தன் வைத்தியத்தை ஆரம்பித்துவிட்டது. முடிச்சூரில் வாங்கிய வண்டி அல்லவா, பெருவெள்ளத்தில் முழுகிய வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்றார்கள். விற்றவர் வெள்ளம் வடிந்தபிறகு அந்த வண்டியை வெளியூரிலிருந்து கொண்டுவந்தவர். அதைச் சொன்னால் கேட்க ஆளில்லை. முடிச்சூர் என்றாலே வெள்ளம்தான் எல்லோருக்கும். இன்னொரு கூட்டம், வண்டியில் குறையில்லை, ஓட்டுகிற காலில்தான் குறை என்றது. மார்க்கெட்டில் இறால் விற்கிற ஒருவன் அவள் காதில் விழும்படியே பேசுவான்.

"கிளட்சு மேலயே கால வெச்சிகினு ஓட்டுனா வண்டி இன்னா பண்ணும்? அதுக்குன்னு ஒரு ஆம்பள காலு வேணும்."

"ஒன் வண்டி எங்க?" என்று கேட்டாள் இவள்.

"சர்வீசுக்கு போயிகீது."

"ஒன் காலு நல்லா கீதுல்ல? நடந்து போ."

பதிலுக்குக் குறைச்சலில்லை அவளிடம். ஆனால் ராத்திரி சாப்பிடும்போது கிளட்சு மிதிக்கிற தன் இடது காலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "நெசமாவே என் காலுதானா அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். ஊர் சொன்னதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். அவள் வாயிலிருந்தே அது வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டி எங்கெங்கே நின்றது என்பதை நான் மனசில் வைத்திருந்தேன். எழுதி வைக்கிற பழக்கம் எனக்கில்லை. நிற்கும்போது பெட்டியில் என்ன மீன் மிச்சமிருந்தது என்பதை வைத்துத்தான் என் நினைவு நிற்கும். மேம்பாலத்தில் நின்ற அன்று ரெண்டு பெட்டி சங்கரா. வண்டலூரில் திரும்பும்போது அரைப் பெட்டி நெத்திலி. கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பெட்டி கவலை மீன், ஐஸெல்லாம் கரைந்து மிதந்துகொண்டிருந்தது. இப்படியே எண்ணிக்கொண்டு வந்தபோது எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. முழுப் பாரத்தோடு அது ஒரு நாளும் நின்றதில்லை. கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் பின்பக்கம் தரையில் இடிக்கிற மாதிரி ஏற்றிக்கொண்டு வருவோம், மூச்சு விடாமல் ஓடும். பாரத்தை இறக்கிவிட்டால்தான் நிற்கும்.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "பாரம் ஏத்துனா நிக்கற வண்டிய பாத்துகீறேன் யக்கா. எறக்குனா நிக்கற வண்டிய பாத்ததில்ல. மாடா அது, சொணங்கறதுக்கு?"

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. பெரிய படகுகள் கரையேறிவிட்டன. நாங்கள் கருவாடும் காய்கறியும் ஏற்றினோம். அந்தத் தடைக்காலம் முழுக்க வண்டி ஒரு தரம்கூட நிற்கவில்லை. மேஸ்திரி தான் கடைசியாக மாற்றிய ரிலே என்ற சின்னப் பெட்டியால்தான் என்று பெருமைப்பட்டார். என் வீட்டுக்காரர் குலதெய்வத்துக்குப் படைத்ததால் என்றார். என் நாத்தனார் வண்டிக்குப் பொட்டு வைத்தாள். தடை முடிந்து முதல் மீன் ஏற்றிய அன்றைக்கே, முடிச்சூரில், ஒன்றரைப் பெட்டி மிச்சமிருக்கும்போது இருமி நின்றது.

அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் முடிவாகச் சொல்லிவிட்டார். "போதும். அடுத்த தபா நின்னுச்சுன்னா வித்துட்றேன். வண்டி என் பேர்ல கீது. இவ கருவாட்டுக் கொட்டாயில குந்தி ஈ ஓட்டட்டும்." கெட்ட மனுஷன் இல்லை அவர். தங்கையை ஊர் சிரிப்பதைப் பார்க்க முடியாமல் சொன்னார். ஆனால் ஊர் வாயை மூட அவருக்குத் தெரிந்த வழி தங்கை கையைக் கட்டுவதாக இருந்தது. அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி நான் பார்த்திராதவள், "ஸ்டேரிங்க புடிக்க ஆரம்பிச்சப்பறம்தாண்ணா ராத்திரில எனக்கு தூக்கம் வருது. அத மட்டும் புடுங்காத," என்றாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த தடவை வர எட்டு நாள் ஆயிற்று. மறுபடியும் முடிச்சூர். வண்டியில் சங்கராவும் கொஞ்சம் கானாங்கெளுத்தியும். அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். மேஸ்திரிக்குப் போன் போட்டுவிட்டு, மீன் கெடக் கூடாதே என்று நான் இறங்கினேன். வண்டியில் கிடந்த பழைய மூங்கில் கூடையில் மீனையும் ஐஸையும் நிரப்பி, முந்தானையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, கூடையைத் தலையில் ஏற்றினேன். வருஷக்கணக்கில் ஏற்றாத கூடை. கழுத்து அதை மறந்திருக்கவில்லை.

நிறைந்த கூடைக்குத் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் இழுத்துவிடும். அப்போது மீன் தண்ணீர் முதுகில் ஒழுகும். ரவிக்கையின் பின்பக்கம் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மூன்று தெரு போனேன். பாதிக்கு மேல் விற்றது. கூடை லேசானதும் கழுத்து தானாக நிமிர்ந்தது, முன்னால் சாய்ந்து நடை வேகம் பிடித்தது. தண்ணீர் நெற்றி வழியாக இறங்கி இடது கண்ணுக்குள் போயிற்று. உப்புத் தண்ணீர். எரிந்தது. கூடையை ஒரு காம்பவுண்டுச் சுவரில் இறக்கி வைத்துக் கண்ணைத் துடைத்தேன். துடைத்த கை அப்படியே நின்றது.

பாரம் இருந்தால் பின்னால் ஒழுகும். பாரம் இறங்கினால் முன்னால் ஒழுகும். முப்பது வருஷம் என் உடம்பில் ஒழுகிக் காட்டிய விஷயம் இது.

கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வண்டிக்கு வந்தேன். பக்கவாட்டில் நின்று பார்த்தேன். காலையில் பெட்டி ஏற்றியபோது பின்சக்கரத்துக்கும் அதற்கு மேலே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் நாலு விரல்தான் போகும். இப்போது கையை வைத்துப் பார்த்தேன், ஒரு சாண் இருந்தது. பாரம் போனதும் அடியில் இருக்கும் இரும்புப் பட்டைகள் நிமிர்ந்து பின்பக்கத்தைத் தூக்கிவிட்டிருந்தன. வண்டி மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தேன். கரைந்த ஐஸ் தண்ணீரெல்லாம் டிரைவர் கேபினுக்குப் பின்னால் போய்க் குட்டையாகத் தேங்கியிருந்தது. அந்த மூலையில் தகடு துருப்பிடித்து ஒரு விரல் நுழையும் ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே, வண்டியின் வயிற்றுக்குள், எங்கேயோ இறங்கிக்கொண்டிருந்தது. கருவாடும் காய்கறியும் ஏற்றியபோது ஏன் நிற்கவில்லை என்பதும் விளங்கியது. கருவாட்டில் ஏது ஐஸ்?

கண்டுபிடித்துவிட்டேன் என்று கத்தப் போனேன். அப்போதுதான் எனக்குள் இன்னொரு கேள்வி வந்தது. தண்ணீர் ஏன் உள்ளே தேங்கியிருக்கிறது? காலையிலேயே பின்கதவு இடுக்கு வழியாக ஒழுகிப் போயிருக்க வேண்டுமே? முதல் ஆறு மாதம் அப்படித்தானே போயிற்று?

பின்கதவுப் பக்கம் போனேன். இடுக்கு முழுக்கக் கறுப்பு ரப்பர் பட்டை, அதற்குள் சாக்குத் துணி. ஒரு சொட்டு வெளியே போகாதபடி இறுக்கிச் செருகியிருந்தது. செருகியது நான்தான்.

முடிச்சூரில் புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றிலிருந்து ஒரு அம்மா ஒரு நாள் இறங்கி வந்தார். வஞ்சிரம் வாங்கினார். துண்டு போட்டுக் கொடுத்தபிறகு மெதுவாகத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க வண்டி போனா தெருவெல்லாம் தண்ணி சொட்டி ஒரே ஸ்மெல். அசோசியேஷன்ல டெய்லி கம்ப்ளைன்ட். கொஞ்சம் க்ளீனா வந்தா நல்லாயிருக்கும்." என் நாத்தனார் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. எங்களைப் பார்த்து சுத்தமில்லை என்று ஒருத்தி சொல்வதா? அன்றே பழைய லாரி டியூபை நீளமாக வெட்டி, சாக்கு வைத்துப் பின்கதவு விளிம்போடு சேர்த்துத் திணித்து, மறுநாள் அதே தெருவில் தலை நிமிர்ந்து போனேன். அந்த வாரத்திலிருந்துதான் வண்டி இரும ஆரம்பித்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

இனி எழுதப் போவதை மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை வருஷம் அவள் காலைப் பழித்தவர்கள் முன்னால், குறை என் கையில் இருந்தது என்று எப்படிச் சொல்வது? ரப்பரை யாருக்கும் தெரியாமல் பிடுங்கி எறிந்துவிட்டால் வண்டி ஓடிவிடும், என் மானமும் போகாது என்று நினைத்தேன். அந்த மூன்று நாளில் என் வீட்டுக்காரர் கூடுவாஞ்சேரியில் தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருவரிடம் பேசி முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை மேஸ்திரி ஷெட்டில் வண்டியைப் பார்த்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வியாழக்கிழமை சாயங்காலம் என் நாத்தனார் அந்தக் காக்கிச் சட்டையைத் துவைத்து, காயவைத்து, மடித்து, அண்ணன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். "இனிமே எனக்கு வேணாம்ணா," என்றாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அந்தச் சட்டையைப் பார்த்தபிறகு சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ரப்பரைப் பிடுங்கிவிட்டு வண்டி சரியாகிவிட்டது என்றால் நம்ப மாட்டார்கள். நாலு நாள் ஓடும், அப்புறம் நிற்கும், எத்தனை தரம் பார்த்தோம் என்பார்கள். ஓடுகிற வண்டியைக் காட்டி ஒன்றையும் நிரூபிக்க முடியாது. அவர்கள் கண் முன்னால் நிற்க வைத்துக் காட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஷெட்டுக்கு நானும் போனேன். மார்க்கெட்டிலிருந்து ரெண்டு டப்பா நிறைய மீன் கழுவிய ஐஸ் தண்ணீரைக் கொண்டுபோயிருந்தேன். வாங்க வந்தவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கறதுக்கு முன்னாடி இது எப்டி நிக்குதுன்னு பாத்துக்கங்க," என்றேன்.

"ஏய், விக்கற நேரத்துல இன்னா பேச்சு பேசற நீ?" என்று என் வீட்டுக்காரர் பாய்ந்தார்.

"வித்தாலும் சொல்லிட்டு வில்லு." நாத்தனாரைப் பார்த்தேன். "நீ ஏறு. ஸ்டார்ட் பண்ணு. நூட்டர்ல போட்டு ஹேண்ட்பிரேக் இழு. இப்ப ரெண்டு காலையும் மேல தூக்கி சீட்டுல சம்மணம் போட்டு குந்து. கைய மடியில வை. ஒண்ணத்தையும் தொடாத."

"இன்னா அண்ணி பண்ற நீ?"

"சும்மா குந்து சொல்றேன்."

ரெண்டு டப்பாவையும் வண்டிக்குள் கவிழ்த்தேன். மேஸ்திரி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினார். "யக்கா! ஷெட்டு கலீஜாயிடும்!"

"ஆவட்டும். ஒன்ற வருசமா எங்க பேரு கலீஜாயி கெடக்கு. நீ கொஞ்ச நேரம் பொறுத்துக்க."

காலி வண்டி, பின்பக்கம் தூக்கி நின்றது. தண்ணீர் முன்னால் ஓடி மூலையில் தேங்கியது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். வாங்க வந்தவர் போனை எடுத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். சீட்டின் மேலே சம்மணம் போட்டு, மடியில் கையை வைத்துக்கொண்டு என் நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி இருமியது. இன்னொரு தரம் இருமியது. நின்றது.

"பாத்துக்கங்க," என்றேன். "எந்த காலு மெதிச்சு இப்ப நின்னுச்சு?"

மேஸ்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவர் குரல் மட்டும் வந்தது. "தோ கீதுடா! பம்புக்கு போற ஒயரு ஜாயிண்ட்டு. நேரா ஓட்டைக்கு கீழ கீது. உப்பு பூத்து பச்ச பச்சயா… அய்யய்யோ, இத்தினி நாளா பானெட்டயே தொறந்து பாத்துகினு இருந்தேனே!" நனைந்தால் வண்டி நிற்கும், எஞ்சின் சூட்டில் காய்ந்தால் கிளம்பும். அந்த ஒரு மணி நேரக் கணக்கு அவருக்கும் புரிந்துவிட்டது. எழுந்து வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அது செரி யக்கா. ஆனா டெய்லி இவ்ளோ தண்ணி உள்ள ஏன் நிக்குது? பாரத்தோட வர்றப்பவே பின்னாடி கதவாண்ட போயிருக்கணுமே?"

இதுதான் நான் மூன்று நாள் ஒளிந்துகொண்டிருந்த இடம். வாங்கும்போதே இருந்தது என்று சொல்லியிருந்தால் அங்கே யாரும் மறுத்திருக்க முடியாது. நான் பின்கதவுக்குப் போனேன். ரப்பரின் நுனியைப் பிடித்து இழுத்தேன். நீளமாக, சாக்கோடு சேர்ந்து, வழவழவென்று வந்தது. சாக்கில் ஊறியிருந்த மீன் தண்ணீர் என் காலில் கொட்டியது.

"போவாது. அடைச்சிருக்கு. அடைச்சது நான்."

என் நாத்தனார் இறங்கி வந்தாள். ரப்பரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ஒன்ற வருசம் அண்ணி. ஊரே என்ன கிழிச்சுது. நீ பக்கத்து சீட்லயே குந்திகினு இருந்த."

"ஆமா."

"எப்பத்துலருந்து தெரியும்?"

"செவ்வாக்கெழமைலருந்து."

அவள் திரும்பி நடந்தாள். மேஸ்திரி அந்த ஜாயிண்ட்டைச் சுத்தம் செய்து, மேலே தூக்கிக் கட்டி, ஓட்டையைத் தகடு வைத்து மூடும்வரை ஒரு டயர்மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள். பிறகு ஏறினாள். வாங்க வந்தவரிடம், "நீங்க வேற வண்டி பாத்துக்கங்க சார்," என்றாள். அண்ணனிடம், "சட்டைய எடுத்து வை. நாளைக்கு வேணும்," என்றாள். என்னை ஏறச் சொல்லவில்லை. வண்டியை ரிவர்ஸ் எடுத்து ரோட்டில் திருப்பிப் போய்விட்டாள். கையில் ஈர ரப்பரோடு நான் ஷெட்டில் நின்றேன். அன்றைக்குப் பஸ் ஏறித்தான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் விடியுமுன் வாசலில் ஹாரன் அடித்தது. "ஏறு. கேளம்பாக்கம் வர்ற வரைக்கும் ஒரு வார்த்த பேசக் கூடாது," என்றாள். கேளம்பாக்கத்தில் டீக்கடை முன்னால் நிறுத்தி, "ரெண்டு டீ சொல்லு அண்ணி," என்றாள். அவ்வளவுதான். பின்கதவுக்குக் கீழே ஒரு கேனைக் கட்டித் தொங்கவிட்டோம். தண்ணீர் அதில் விழும், கரைக்கு வந்து கொட்டுவோம். முடிச்சூர் தெருக்களில் ஒரு சொட்டு விழவில்லை. அந்த அம்மாவிடம் போய் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அவருக்குச் சொல்லிக் காட்டுகிற ஆசையில்தான் முதல் தடவை கெட்டது.

அந்த வண்டியை அவள் தேயும்வரை ஓட்டினாள். அடுத்த வண்டியைத் தன் பேரில் வாங்கினாள். என்ன ஆச்சு உன் பழைய வண்டிக்கு என்று யார் கேட்டாலும், "ஒயரு ஜாயிண்ட்டு போச்சு, மாத்திட்டோம்," என்பாள். ரப்பர் என்ற சொல்லை அவள் வாயிலிருந்து ஒருவரும் கேட்டதில்லை. சொல்லேன் என்று நானே கேட்டிருக்கிறேன். "அதெல்லாம் எதுக்கு அண்ணி ஊருக்கு," என்று பேச்சை மாற்றிவிடுவாள். என் மானத்தை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அதற்கு அவள் கொடுத்தது தன்னுடையதை. அவள் வாய் மூடியிருந்ததால் ஊர் பழைய கதையையே பிடித்துக்கொண்டு தொங்கியது.

போன வருஷம் காய்ச்சலில் படுத்தாள். பத்து நாள்கூட இல்லை, போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போட்டிருந்தது. இப்போது எங்கள் பக்கம் மூன்று பெண்கள் லோடு வண்டி ஓட்டுகிறார்கள். அவர்களும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்து ஆம்பளைகள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். புகழ்ச்சியாகத்தான் பேசினார்கள். அந்த இறால்காரன், நரைத்துப்போனவன், சிரித்துக்கொண்டே சொன்னான்: "நல்ல பொம்பள. ஆனா அந்த மொதல் வண்டில நல்லா ஏமாந்துட்டா. வெள்ளத்து வண்டிய வாங்கிகினு, ஓட்டவும் தெரியாம பேஜார்பட்டா. அண்ணன்காரன்தான் மேஸ்திரிய வெச்சு கண்டுபுடிச்சு குடுத்தான்." என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்லவில்லை. அந்த மூன்று பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான் கையைக்கூடத் துடைக்காமல் பந்தலுக்கு நடுவில் போய் நின்றேன்.

"அவ ஏமாறல. அது வெள்ளத்து வண்டியும் இல்ல. அவ கால்லயும் கொற இல்ல. ரப்பர் வெச்சு அடைச்சு அந்த வண்டிய கெடுத்தது நான். கண்டுபுடிச்சதும் நான்தான். இனிமே இத சொல்றவங்க ரெண்டையும் சேத்து சொல்லணும்."

"இன்னா ரப்பரு?" என்று யாரோ கேட்டார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து, தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தி, "குந்திகினு சொல்லு," என்றார்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே, முதலிலிருந்து சொன்னேன்.